சங்கமும் அச்சுக்கூடமும்: திரு.வி.க.வின் எழுத்தும் களமும்

திருவாரூர் விருத்தாசல கல்யாணசுந்தரனார், தமிழுலகம் அறிந்த பெயரில் திரு.வி.க., 1883 ஆகஸ்ட் 26 அன்று துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தார். சென்னைக்கு மேற்கே, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அந்த ஊரைப் பின்னாளில் தண்டலம் என்றார்கள். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி என்று இன்று வீடுகளும் ஆலைகளுமாக நீண்டு கிடக்கும் மேற்குப் புறநகர் அப்போது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நாட்டுப்புறம். பெயருக்கு முன்னால் நிற்கும் திருவாரூர் முன்னோரின் ஊர். அவர் வாழ்ந்தது இராயப்பேட்டையில். உழைத்தது பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களின் ஆசிரியர், இரண்டு பத்திரிகைகளை நடத்தியவர், சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்ககாலத் துணைத்தலைவர். இலக்கிய வரலாறு எழுதுவோர் முதல் செய்தியை எடுத்துக்கொண்டு கடைசிச் செய்தியை ஒரு வரியில் முடிப்பார்கள். தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் அதையே தலைகீழாகச் செய்வார்கள். இரு தரப்புக்கும் கிடைப்பது பாதி மனிதர்தான். அவருடைய உரைநடை மாறியதற்கு ஆலைத் தொழிலாளர் கூட்டங்கள் பெரிய காரணம். அந்தக் கூட்டங்கள் அவர் பேச்சில் கட்டுண்டதற்குச் சைவ மேடையில் அவர் பழகிய தமிழ் காரணம்.

தந்தை விருத்தாசல முதலியார், தாய் சின்னம்மாள். ஆறாவது குழந்தை. தொடக்கக் கல்வியைத் தந்தையே கற்பித்தார். குடும்பம் இராயப்பேட்டைக்கு வந்த பிறகு சிறுவனுக்குக் கைகால்கள் முடங்கும் நோய் கண்டது. பள்ளிப்படிப்பு சில ஆண்டுகள் நின்றது. அந்த முடக்கத்தைத் தீர்த்த மருத்துவர் பண்டிதர் அயோத்திதாசர். சித்த மருத்துவர், பௌத்தர், ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக எழுதிய பத்திரிகையாளர். பின்னாளில் இளைஞர் கல்யாணசுந்தரம் சைவப் பற்று மேலிட்டு, அதே இராயப்பேட்டையில் நடந்த பௌத்தக் கூட்டங்களில் எதிர்வாதம் செய்யப் போனார். வயது ஏற ஏற அந்தச் சூடு தணிந்தது. புத்தரையும் கிறிஸ்துவையும் முருகனையும் ஒரே நெறியில் வைத்துப் பேசும் சமரச சன்மார்க்கம் அவருடைய முதிர்ந்த நிலைப்பாடு ஆயிற்று.

வெஸ்லி பள்ளியில் அவருக்குத் தமிழ் ஆசிரியராக வாய்த்தவர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை. அகராதி தொகுத்தவர், சதாவதானி, ஆறுமுக நாவலர் மரபில் வந்த கண்டிப்பான சைவர். இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று நீதிமன்றம் வரை போன சண்டையில் மருட்பாக் கட்சியின் முன்னணி வீரர். ஆசிரியர் மீதான வழக்கில் சாட்சி சொல்லப் போனதால் மாணவர் 1904இல் இறுதித் தேர்வு எழுத முடியாமல் போயிற்று. பட்டம் இல்லாமல் நின்றவருக்குத் தமிழ் மட்டும் தங்கிற்று. அதே மாணவர் பின்னாளில் இராமலிங்க சுவாமிகளின் திருவுள்ளத்தைப் போற்றி நூல் எழுதினார் என்பது அந்தச் சண்டையின் சுவையான பின்கதை. கதிரைவேற் பிள்ளை 1907இல் மறைந்தார். அவரிடம் பெற்றவை இரண்டு: பழைய நூல்களில் ஆழ்ந்த பயிற்சி, கூட்டத்தின் முன் நின்று மணிக்கணக்கில் பேசும் துணிவு. இராயப்பேட்டையில் நண்பர்களோடு நடத்திய பாலசுப்பிரமணிய பக்தஜன சபை அந்தத் துணிவுக்குப் பயிற்சிக் களம்.

பிழைப்புக்காக ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கர் வேலை. 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசிய பேச்சுகள் ஊரையே உலுக்கின. திலகர் பக்தி பரவியிருந்த காலம். ஆங்கிலக் கம்பெனியின் மேசையில் உட்கார்ந்துகொண்டு சுதேசியம் பேசுவது நெடுநாள் ஓடாது. 1908இல் அந்த வேலை முடிந்தது. பிறகு 1910 முதல் ஆயிரம் விளக்கு வெஸ்லி பள்ளியில் ஆசிரியர். 1916இல் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர். 1912இல் கமலாம்பிகையை மணந்தார்.

1917இல் அன்னி பெசன்ட் தன்னாட்சிக் கிளர்ச்சிக்காகக் காவலில் வைக்கப்பட்டபோது மாகாண அரசியல் தமிழ்த் தெருக்களுக்கு இறங்கிவரத் தொடங்கியது. அதுவரை சென்னை அரசியல் மேடையில் ஆங்கிலமே கோலோச்சியது. பேசியவர்கள் வக்கீல்கள், கேட்டவர்கள் படித்தவர்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனும் பாரதியின் இந்தியாவும் ஏட்டில் தமிழை அரசியலுக்குப் பழக்கியிருந்தன. மேடையில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் வந்தது தேசபக்தன் நாளிதழ். 1917 டிசம்பர் 7இல் அதன் முதல் இதழ் வெளிவந்தது. திரு.வி.க. கல்லூரி வேலையை விட்டு அதன் ஆசிரியரானார். மாதச் சம்பளம் உறுதியாக வரும் ஆசிரியர் பணியை உதறிவிட்டு, எந்நாளும் அரசு ஜாமீன் கேட்கக்கூடிய பத்திரிகைக்குப் போவது அன்று சாதாரண முடிவு அல்ல.

தேசபக்தனில் அவர் செய்த வேலை தலையங்கம் எழுதியதோடு நிற்கவில்லை. ஆங்கிலமும் வடமொழியும் கலந்து கிடந்த செய்தி நடையை அவர் தமிழ்ப்படுத்தினார். நாட்டு நிலை, சட்டம், வரி, ஆலை, கூலி ஆகியவற்றைச் சொல்லத் தமிழில் வழி உண்டு என்று நாள்தோறும் காட்டினார். பாராயணம் செய்வதற்காகவே தமிழ் என்று இருந்த பண்டிதர் உலகத்துக்கும், ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதிய பத்திரிகையாளர் உலகத்துக்கும் இது ஒருசேரப் புதிது. பத்திரிகையை வாங்கியவரைவிட அதைப் படிக்கக் கேட்டவர் அதிகமாயிருந்த காலம் அது. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றிலும் இருப்பவர்கள் காது கொடுத்தார்கள். காதுக்கு எட்டாத வாக்கியம் அங்கே செல்லாது.

அந்தக் காதுகளில் ஆயிரக்கணக்கானவை பெரம்பூர்ப் பகுதியில் இருந்தன. சென்னையின் தொழில் வரலாறு மேற்கு ரயில் பாதையை ஒட்டியே வளர்ந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பெரம்பூர், ஆவடி வழியாகவே ஆர்க்காட்டுப் பக்கம் போயிற்று. பெரம்பூரில் ரயில் பட்டறை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தொடங்கின. முதல் உலகப் போரில் படைகளுக்குக் காக்கித் துணி கொடுத்த ஆலைகள் இவை. ஊர் வழக்கில் பி அண்ட் சி மில். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அங்கே உழைத்தார்கள். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே பன்னிரண்டு மணி நேர வேலையை அனுமதித்தது. பகல் உணவுக்கு விட்ட நேரத்தில் கை கழுவி, சோற்றுக்குப் போய், திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிடும். மேஸ்திரிகளின் அடியும் வசவும் அன்றாடக் கூலியின் பகுதி. போர் விலைவாசியில் அரிசியும் துணியும் ஏறின. துணி நெய்தவனுக்கே துணி எட்டவில்லை.

இந்தத் தொழிலாளரை முதலில் ஒன்று சேர்த்தது அரசியல் கட்சி அல்ல, பஜனையும் சொற்பொழிவும் நடத்திய ஒரு சபை. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரு உள்ளூர் வணிகர்கள் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையை நடத்தினார்கள். தொழிலாளர்கள் அங்கே வந்து குறை சொன்னார்கள். பக்திச் சொற்பொழிவாளராக அறிமுகமாகியிருந்த திரு.வி.க.வுக்கு இந்த வாசல் இயல்பாகத் திறந்தது. பெசன்டின் கூட்டாளியும் நியூ இந்தியா பத்திரிகைக்காரருமான பி.பி. வாடியாவை அணுகித் தலைமை ஏற்கச் செய்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. முறையான உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் பொறுப்பாளர்களும் கொண்டு இந்தியாவில் எழுந்த முதல் தொழிற்சங்கம் என்று பொதுவாக இதையே சொல்வார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர்.

வாடியா பம்பாய்ப் பார்சி. தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசியது தொழிலாளருக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டியிருந்தது. சங்கத்தின் தமிழ்க் குரலாக நின்றவர்களில் முதன்மையானவர் திரு.வி.க. இங்கேதான் அவருடைய தமிழுக்கு உண்மையான சோதனை. கந்தபுராணம் கேட்க வரும் கூட்டம் நீண்ட தொடரைப் பொறுத்துக்கொள்ளும், எதுகையை ரசிக்கும். இரவு வேலை முடித்துப் பஞ்சுத் தூசியோடு நிற்கிறவனிடம் கதவடைப்பு என்றால் என்ன, சந்தா எதற்கு, கல் எறியாமல் ஏன் நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிறு சிறு வாக்கியங்கள், கேள்வியும் பதிலும், ஒரே கருத்தை மூன்று விதமாகத் திருப்பிச் சொல்லல் என்று அவர் எழுத்தில் பின்னர் நிலைபெற்ற இயல்புகள் எல்லாம் மேடையின் தேவைகள். அவருடைய தொடக்கக்கால உரைநடையைப் பிற்கால நூல்களோடு வைத்துப் படிப்பவருக்கு, வாக்கியம் சுருங்கிக்கொண்டே வருவது பளிச்சென்று தெரியும். கடைசி நூல்களில் அது சற்று அளவு மீறியே சுருங்கிவிட்டது என்றும் சொல்லலாம்: எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி என்று துடிக்கும் நடை பக்கக் கணக்கில் தொடரும்போது வாசகர் களைத்துப் போகிறார். காதுக்காகப் பிறந்த நடை கண்ணுக்குச் சற்று அலுப்பூட்டுவது அதன் பிறப்புக் குறை.

1918ஆம் ஆண்டு சங்கமும் தேசபக்தனும் ஓய்வு கொடுக்காத ஆண்டு. அதே ஆண்டில் கமலாம்பிகை இறந்தார். பிறந்த இரு குழந்தைகளும் அதற்கு முன்பே மறைந்திருந்தன. முப்பத்தைந்து வயதில் தனித்து நின்றவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சங்கம் பிறந்த சில மாதங்களிலேயே ஆலைகள் கதவடைத்தன. டிராம், ரயில் பட்டறை, அச்சுக்கூடம், மண்ணெண்ணெய்க் கிடங்கு, அலுமினியப் பாத்திரத் தொழில் என்று நகரெங்கும் சங்கங்கள் முளைத்தன. 1920 டிசம்பரில் பி அண்ட் சி தகராறில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பின்னி கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய், ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டியதாக வாடியா முதலியோர் மேல் இழப்பீடு கேட்டது, தடையாணையும் பெற்றது. தொழிற்சங்கம் என்ற ஒன்றைச் சட்டம் அறிந்திராத காலம். 1921 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. விலையாக வாடியா சங்கத்தை விட்டு விலகினார். சங்கத் தலைவர்களை இப்படி வழக்குப் போட்டு நசுக்க முடியும் என்ற அதிர்ச்சி நாடு முழுக்கப் பரவியது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சட்டப் பாதுகாப்புக் கோரினார். 1926ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்தின் வேர் பெரம்பூரில் இருக்கிறது. இன்று ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு ஆலைச் சங்கம் பதிவு எண்ணோடு இயங்குவதற்கு வழி போட்டது இந்தத் தோல்விதான்.

வாடியா போனபின் பாரம் உள்ளூர்த் தலைவர்கள் மேல் விழுந்தது. 1921ஆம் ஆண்டுப் பெரிய வேலைநிறுத்தம் திரு.வி.க.வின் வாழ்க்கையில் மிகக் கடினமான பகுதி. அவரைப் போற்றி எழுதுவோர் வேகமாகக் கடந்துபோகும் பகுதியும் அதுவே. கோடையில் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய தகராறு ஜூன் 20 முதல் பக்கிங்காம் ஆலைக்கும் பரவியது. தொழிலாளர் ஒரே அணியாக நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், நீதிக்கட்சியின் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். கடனும் பசியும் அவர்களுக்கு மற்றவர்களைவிட நெருக்கத்தில் இருந்தன. சங்கத் தலைமையில் அவர்களுக்கு இடம் இருந்ததா என்ற கேள்வியும் நியாயமானது. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் மறு பக்கம் என்று கலவரம் மாதக்கணக்கில் விட்டுவிட்டு நடந்தது. ஆகஸ்ட் 29 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீண்டும் பலர் இறந்தார்கள். செப்டம்பரில் சென்னை வந்த காந்தி தொழிலாளரிடையே பேசினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தொழிலாளர் தோல்வியில் ஓய்ந்தது.

ஆளுநர் வில்லிங்டன் தொழிலாளர் தலைவர்களை அழைத்து எச்சரித்தார், திரு.வி.க.வை நாடு கடத்துவது பற்றிய பேச்சும் எழுந்தது. ஆளுங்கட்சியான நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் தலையிட்டதாலேயே அது நடக்கவில்லை என்று சொல்வதுண்டு. தியாகராயர் வேலைநிறுத்தக்காரர் பக்கம் சாய்ந்ததும் எம்.சி. ராஜா எதிர்ப்பக்கம் நின்றதும் நீதிக்கட்சிக்குள் ஒரு பிளவுக்கு வித்திட்டன. அயோத்திதாசர் மருந்தில் நடை மீண்ட மனிதர், அயோத்திதாசரின் மக்களைத் தன் சங்கத்துக்குள் நிறுத்தி வைக்க முடியாமல் போனார். சாதியை அவர் மனதார வெறுத்தார் என்பதில் ஐயமில்லை. அன்பையும் சமரசத்தையும் போதித்தால் சேரி மக்களின் அச்சம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையே அவருடைய போதாமை.

இதற்கிடையில் 1920இல் தேசபக்தனிலிருந்து விலகியிருந்தார். அந்த இதழை வ.வே.சு. ஐயர் ஏற்று நடத்தி, அதில் வந்த கட்டுரைக்காகச் சிறை சென்றார். 1920 அக்டோபர் 22 அன்று திரு.வி.க. நவசக்தியைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் அவருடைய சாது அச்சுக்கூடம் அதன் இருப்பிடம். அடுத்த இருபது ஆண்டுக் காலம் இந்த வார இதழும் அச்சுக்கூடமும்தான் அவருடைய கட்சி அலுவலகம், நூலகம், வருமானம் எல்லாம். வருமானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சொந்த வீடு இல்லாமல் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார்.

நவசக்தி ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர் 1923இல் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். பின்னாளில் கல்கி என்ற பெயரில் தமிழகம் முழுவதும் படித்த அதே மனிதர். ஆசிரியரின் வழியில் அவர் போகவில்லை. திரு.வி.க. மேடைப் பேச்சிலிருந்து உரைநடைக்கு வந்தார். கல்கி வீட்டுப் பேச்சிலிருந்து வந்தார். ஆனால் தமிழில் எளிதாக எழுதினால் தமிழுக்கு இழுக்கு இல்லை என்ற தைரியத்தை அந்த அச்சுக்கூடத்திலேயே அவர் பெற்றிருக்க வேண்டும்.

காங்கிரசுக்குள் அன்று நாயுடு, நாயக்கர், முதலியார் என்று மூவரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: வரதராஜுலு நாயுடு, ஈ.வெ. ராமசாமி நாயக்கர் (பின்னாளில் பெரியார்), திரு.வி.க. வைக்கம் போராட்டத்துக்குப் பின் பெரியாரை வைக்கம் வீரர் என்று எழுதியது நவசக்தி. இந்த நட்பு 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் அரசியலளவில் முறிந்தது. தமிழ் மாகாண மாநாட்டுக்குத் திரு.வி.க. தலைவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். தலைவர் அதை எடுத்துக்கொள்ள மறுத்தார். பெரியார் வெளியேறினார், காங்கிரசோடு அவருடைய உறவு அத்துடன் முடிந்தது. திரு.வி.க.வே 1917இல் பிராமணரல்லாத காங்கிரசாருக்காக அமைந்த சென்னை மாகாணச் சங்கத்தின் செயலாளர்களில் ஒருவர். அந்தச் சங்கம் பிரதிநிதித்துவ உரிமை கேட்டே பிறந்தது. எட்டு ஆண்டில் அவர் நிலை மாறியிருந்தது. நாட்டு விடுதலை முன்னால், பங்கீடு பின்னால் என்பது அவர் வாதம். தமிழ்நாட்டு வரலாறு அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவரும் சில காலத்தில் கட்சி அரசியலின் ஓரத்துக்கு ஒதுங்கினார். தொழிலாளரையும் அச்சுக்கூடத்தையும் விடவில்லை.

அவருடைய பெரிய நூல்களில் பல இந்த ஒதுக்கத்துக்கு முன்னும் பின்னுமாக வந்தவை. மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் 1921இல், வேலைநிறுத்தப் புகை அடங்காத ஆண்டில் வந்தது. காந்தியை அரசியல் தலைவராக வைத்துப் பேசாமல், வாழ்க்கை நெறியாக வைத்துப் பேசிய முதல் பெரிய தமிழ் நூல்களுள் அது ஒன்று. முருகன் அல்லது அழகு, பெண்ணின் பெருமை ஆகிய இரண்டும் 1920களில் வந்தன. பெண்ணின் பெருமை இன்றைய பார்வையில் இரு முகம் கொண்ட நூல். பெண்கல்வி, கைம்பெண் மறுமணம், சொத்துரிமை என்று அது போகும் தூரம் அன்றைய சைவ உலகத்துக்கு அதிகம். தாய்மையைப் பெண்மையின் சிகரமாக வைக்கும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அதே ஆண்டுகளில் குடியரசு இதழில் பெரியார் எழுதியவற்றோடு சேர்த்துப் படித்தால் இரண்டின் எல்லையும் விளங்கும்.

கவிதையும் எழுதினார். உரிமை வேட்கை அல்லது நாட்டுப் பாடல், முருகன் அருள் வேட்டல், பொதுமை வேட்டல், கிறிஸ்துவின் அருள் வேட்டல் என்று ஒரு வரிசை. யாப்பு பிசகாத பாடல்கள், கருத்தில் தூய்மையானவை. பாரதிக்குப் பின் எழுதியவை என்பதை மறந்து படிக்க முடியாததுதான் அவற்றின் துரதிர்ஷ்டம். அவருடைய கவித்துவம் வெளிப்பட்ட இடம் உரைநடையே. இயற்கையை எழுதும்போது அது தடையின்றி ஓடுகிறது. மலையையும் காட்டையும் கடலையும் இறைவனோடு இணைத்து எழுதிய பக்கங்களில் துள்ளத்துக் கிராமத்துச் சிறுவனின் கண் தெரிகிறது.

1944இல் வந்த வாழ்க்கைக் குறிப்புகள் தனியே பேச வேண்டிய நூல். தமிழில் எழுந்த தன்வரலாறுகளில் உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தோடு நிறுத்தத்தக்கது. ஐயர் ஏட்டுச்சுவடி உலகத்தைக் காட்டினார். இவர் அச்சும் மேடையும் ஆலையும் சேர்ந்த உலகத்தைக் காட்டினார். தொழிலாளர் இயக்கத்தின் தொடக்கத்தை எழுதப் புகும் எவரும் காவல்துறைக் கோப்புகளுக்கும் கம்பெனி ஆவணங்களுக்கும் எதிர்ச்சாட்சியாக இந்த நூலைத் தேட வேண்டியிருக்கிறது. சபை நடத்திய வணிகர்கள், சங்கத்துக்கு உழைத்த சிறு ஊழியர்கள், பகைவராய் நின்ற அதிகாரிகள் என எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. பகைவரைப் பற்றியும் கசப்பில்லாமல் எழுதுவது அவர் குணம். வரலாற்றுக்கு அது சில இடங்களில் இடைஞ்சல்: கோபம் இருக்க வேண்டிய பக்கங்களில் மன்னிப்பு இருக்கிறது.

மார்க்சியத்தை அவர் விலக்கவில்லை. 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் அவருடைய காலத்துத் தோழர். சங்கத்தில் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் வலுப்பெற்றபோது அவர்களோடும் வேலை செய்தார். பொருளாதாரத்துக்கு மார்க்ஸ், அகவாழ்வுக்குக் காந்தி என்று இருவரையும் இணைக்க முயன்ற பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும் 1951இல் வெளிவந்தது. இரு தரப்பு அறிஞர்களும் அந்த இணைப்பை ஏற்க மாட்டார்கள். அவருக்கு அது ஏட்டில் பிறந்த கேள்வி அல்ல. சங்கத்தில் ஒருவரோடு ஒருவர் மோதிய இரண்டு தரப்பும் அவர் வீட்டுக்கு வந்து போனவர்கள்.

1946இல் சங்கத் தலைமை இலங்கையிலிருந்து வந்த ட்ராட்ஸ்கியவாதி எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையிடம் போயிற்று. 1947 மார்ச்சில் பி அண்ட் சி தொழிலாளர் மீண்டும் நெடிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விடுதலைக்கு மாதங்களே இருந்த நேரம்; மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவை தொழிலாளர் தலைவர்களைக் கைது செய்தது. அறுபத்து மூன்று வயதுத் திரு.வி.க. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வில்லிங்டன் காலத்து அரசு மிரட்டியதோடு நிறுத்தியதை, அவர் வாழ்நாளெல்லாம் வேண்டிய தேசிய அரசு செய்து முடித்தது. ஆகஸ்ட் 15 வந்தபோது விடுதலைக்குப் பாடுபட்ட ஒருவர் காவலில் இருந்தார் என்ற செய்தி பள்ளிப் பாடநூல்களில் அதிகம் தென்படுவதில்லை.

கடைசி ஆண்டுகளில் கண்பார்வை போயிற்று. எழுத்து நிற்கவில்லை, சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். இருளில் ஒளி, முதுமை உளறல், படுக்கைப் பிதற்றல் என்று தன் நிலையையே கேலி செய்யும் தலைப்புகள் வைத்தார். பேராசிரியர் மு. வரதராசன் உடனிருந்து உதவினார். மு.வ.வின் நாவல்களிலும் கடித இலக்கியத்திலும் வரும் சிறு வாக்கியங்களும் அறவுரைத் தொனியும் இந்த நெருக்கத்தின் தடயங்கள். இப்படி அந்த நடை பெரம்பூர் மேடையிலிருந்து நடுத்தர வர்க்க வீடுகளின் புத்தக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. 1953 செப்டம்பர் 17 அன்று திரு.வி.க. காலமானார். காஞ்சிபுரத்தில் பிரிந்த பெரியார் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.

அவர் மறைந்து பதினாறு மாதங்களில், 1955 ஜனவரியில், ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. யு.என். தேபர் தலைமையில், காமராசர் முதல்வராக இருந்த மாநிலத்தில், சோஷலிச பாணிச் சமுதாயம் நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டு பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அம்பத்தூரில் சைக்கிள் ஆலை அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. 1960களில் அங்கே தொழிற்பேட்டையும், ஆவடியில் படையினருக்கான உடைத் தொழிற்சாலையும் டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. 1856இன் ரயில் பாதை வழியே தொழிலாளர் உலகம் மேற்கே நகர்ந்தது. பி அண்ட் சி ஆலை 1996இல் மூடப்பட்டது. கிண்டித் தொழிற்பேட்டைக்கும், அடையாற்றுப் பாலத்துக்கும், வடசென்னையில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும், திருவாரூர் அரசுக் கலைக் கல்லூரிக்கும் இன்று திரு.வி.க. பெயர். தமிழறிஞர்களுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளில் ஒன்றும் அவர் பெயரில் உள்ளது. நாட்டுடைமையாக்கப்பட்டதால் அவருடைய நூல்களை எவரும் பதிப்பிக்கலாம்.